பதினோராவது பல்

சீப்பின் பதினோராவது பல் குட்டையாக இருந்தது. மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து, கசக்கிவிட்டு, மறுபடி குனிந்து பார்த்தேன். நகத்தளவு பிளாஸ்டிக் சிப். அதற்குள் தலைமுடி அகலத்தில் ஒரு கால்வாய். கால்வாயின் அடியில், ஒன்றுக்குள் ஒன்று கோத்த இரண்டு சீப்புகளைப் போல உலோக எலக்ட்ரோடுகள். இடது சீப்பில் இருபத்து நான்கு பற்கள், மேலிருந்து எண்ணினால் பதினோராவது மட்டும் கொஞ்சம் குட்டை. அது அப்படி இருக்க அறிவியல் காரணம் எதுவும் கிடையாது. எட்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு மத்தியானம், சாப்பிட்ட களைப்பில், கம்ப்யூட்டரில் இந்தச் சீப்பின் படத்தை வரைந்தபோது நான் ஒரு கோட்டை முழுதாக இழுக்காமல் விட்டதுதான் காரணம். என் கவனக்குறைவு. என் கையெழுத்தைவிட உறுதியான என் அடையாளம். திருடியவர் அதைத் திருத்தக்கூட மெனக்கெடவில்லை.

மருத்துவக் கருவிகள் விற்பனைக்கு வருமுன் அவற்றைச் சோதித்துச் சான்று தருகிற இடத்தில் எனக்கு வேலை. யார் செய்த கருவி என்பது எங்களுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகப் பெயரையெல்லாம் உரித்துவிட்டு, ஒரு எண்ணை ஒட்டி மேசைக்கு அனுப்புவார்கள். இது பதினேழாம் எண் பெட்டி. தெரிந்தவர்களின் கருவி என்று கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். அது விதி. மேலதிகாரிக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் முத்திரை. மனுஷன் லீவு லெட்டரைக்கூட முத்திரை குத்தித்தான் திருப்பித் தருவார். அவருடைய அறை என் மேசையிலிருந்து எட்டு அடி வைத்தால் வந்துவிடும். நான் எழுந்தேன். நேராகப் போய் என் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

பெட்டிக்குச் சொந்தக்காரர் என் அக்காவின் கணவர்.

நாங்கள் இருவரும் ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்தவர்கள். அவர் எனக்கு இரண்டு வருடம் சீனியர். லேபில் அவருக்கு நானோ என்று பெயர். ஆராய்ச்சியை வைத்து வந்த பெயரில்லை, யாருக்காவது டீ வாங்கிக் கொடுத்தால் அந்த அளவில்தான் கொடுப்பார் என்பதால் வந்தது. என் வேலை லாக்டேட்டை அளப்பது. உடம்புக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் ஏறுகிற அமிலம் அது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அது ஏறினால் ஒரு சில மணி நேரத்துக்குள் கண்டுபிடித்தாக வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரியின் பெரிய மெஷினுக்கு வேண்டிய ரத்தத்தை அந்தக் குழந்தையிடமிருந்து அடிக்கடி எடுத்தால் அதுவே ஆபத்து. ஒரே ஒரு சொட்டில் பார்க்க வேண்டுமானால் இப்படி ஒரு சிப் வேண்டும். சிக்கல் என்னவென்றால், ஒரு சொட்டு தருகிற மின்சாரம் அத்தனை சொற்பம். பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் யாரோ காதோடு ரகசியம் சொல்வது போல இருக்கும். அந்தக் குரலை உயர்த்துவதற்காக மூன்று வருடம் செலவழித்தேன். சீப்புப் பற்களை நெருக்கினேன். கால்வாயின் கூரையைத் தாழ்த்தினேன். உலோகத்தின் மேல் பஞ்சு போல ஓட்டை ஓட்டையாகப் பிளாட்டினம் வளர்த்தேன். கடைசியில் நாற்பது மடங்கு ஏறியது. அன்றைக்கு யாரிடமும் சொல்லாமல் கேன்டீனில் தனியாக உட்கார்ந்து இரண்டு டீ குடித்தேன்.

அடுத்த வாரம் அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஐந்து மாதம் ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன். அதற்குள் நானோவுக்கும் அக்காவுக்கும் பேசி முடித்திருந்தார்கள். என்னை வீட்டில் இறக்கிவிட வருகிற சாக்கில் அவளைப் பார்த்துப் பழகியவர். வீட்டு மனுஷன் ஆகப்போகிறவர்தானே என்று என் மேசை டிராயர் சாவியை அவரிடம் கொடுத்திருந்தேன். டிராயரில் என் ஏழு நோட்டுகள் இருந்தன. திரும்பிப் போனபோது கட்டுரை அச்சாகியிருந்தது. அவர் பெயர் முதலில், பேராசிரியர் பெயர் அடுத்து. என் பெயர் கடைசிப் பக்கத்தின் அடியில், லேப் உதவியாளருக்கும் கண்ணாடி வெட்டுகிறவருக்கும் நன்றி சொன்ன வரியில், ஒரு எழுத்துப் பிழையோடு.

அம்மாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. "கல்யாணத்துக்கு ஏழு வாரந்தான் இருக்கு. முடியட்டும்டி, அப்புறம் பேசிக்கலாம்" என்றாள். கல்யாணம் முடிந்தது. அந்த அப்புறம் வரவே இல்லை. ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்தேன். ஆறு வருடமாக அக்கா வீட்டுக்குப் போனால் சிரிக்கிறேன், சாப்பிடுகிறேன். ஆனால் அவரை ஒரு தடவைகூட அத்தான் என்று கூப்பிட்டதில்லை. வாங்க, சாப்பிட்டீங்களா, கிளம்பறேன் என்று வினைச்சொற்களாலேயே ஒப்பேற்றிவிட்டேன். அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து "நம்ம சிப்பு" என்பார். நம்ம.

அவரிடம் இல்லாதது ஒன்று என்னிடம் இருந்தது. பிளாட்டினப் பஞ்சுக்கு ஒரு குணம் உண்டு. குரலையும் உயர்த்தும், கண்டதையும் தின்னும். ரத்தத்திலுள்ள புரதம் ஓட்டைகளில் போய்ப் படிந்து, பத்துப் பன்னிரண்டு சொட்டுக்குப் பிறகு அடைத்துக்கொள்ளும். அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்திருந்த நாட்களில் அதற்கு ஒரு வழி தோன்றியது. ஓட்டைகளின் உட்சுவரில் மிக மெல்லிய தோல் ஒன்றை மின்சாரத்தாலேயே வளர்க்க வேண்டும். சின்ன மூலக்கூறு உள்ளே போகும், பெரிய புரதம் வெளியே நிற்கும். லேபுக்குத் திரும்பிய முதல் நாளே செய்து பார்த்தேன். வேலை செய்தது. மறுநாள் காலையில்தான் அந்தக் கட்டுரையைப் பார்த்தேன். ஆகவே அது எந்த நோட்டிலும் ஏறவில்லை.

பதினேழாம் எண்ணை இரண்டு நாளில் சோதித்து முடித்தேன். ஒரு சிப்பை முப்பது சொட்டுக்குப் பயன்படுத்தலாம் என்று கூடவே வந்த தாளில் எழுதியிருந்தது. உப்புக் கரைசலில் முப்பதும் கோடு போட்டது போல ஒரே மாதிரி வந்தன. அவர் அதோடு நிறுத்தியிருப்பார் என்று எனக்குத் தெரியும், எப்போதுமே அவசரக்காரர். நான் ரத்தத்தை விட்டேன். பதினொன்று வரை சரி. பன்னிரண்டில் இறங்க ஆரம்பித்தது. முப்பதாவது சொட்டில் உள்ளதில் பாதிகூடக் காட்டவில்லை. மூச்சுக்குத் திணறுகிற குழந்தையைத் தொட்டிலில் நிம்மதியாகத் தூங்குகிற குழந்தை என்று சொல்லும் கருவி. மூன்று சிப்களில் திரும்பத் திரும்பச் செய்தேன். ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. மாற்றத் தேவையில்லாதபடி அவரே என் வேலையைச் சுலபமாக்கி வைத்திருந்தார்.

உயிருக்கு ஆபத்தான பிழை தெரிந்தால் அன்றைக்கே மஞ்சள் படிவம் நிரப்பி முத்திரையிடம் தர வேண்டும். நிரப்பினேன். தேதி மட்டும் போடாமல் டிராயரில் வைத்துப் பூட்டினேன். கருவி இன்னும் விற்பனைக்கே வரவில்லை, யாருக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழு ரிப்போர்ட்டுக்குப் பதினான்கு நாள் அவகாசம் இருந்தது. அன்று சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

"பன்னெண்டு நாள்ல வெளியீட்டு விழா வச்சிருக்காருடி. மினிஸ்டர் வர்றார். நீ கண்டிப்பா வரணும்."

"வர்றேன்க்கா."

"சர்டிபிகேட் உன் ஆபீஸ்லேருந்துதான் வரணுமாம். எப்ப கிடைக்கும்னு உன்கிட்ட கேக்கச் சொன்னாரு."

"எது யார் மேசையில இருக்குன்னு எங்களுக்கே தெரியாதுக்கா. நேரத்துக்கு வந்துரும்."

"அதானே. நீ இருக்கும்போது எனக்கென்ன கவலை" என்றாள்.

அந்தப் பன்னிரண்டு நாட்களும் நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். பல வருடம் கழித்துக் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவினேன். ரிப்போர்ட்டை ஒவ்வொரு வாக்கியமாகச் செதுக்கினேன். எங்கேயும் கோபம் தெரியக்கூடாது. தூசி தட்டிய மேசை போல எண்கள் மட்டும் இருக்க வேண்டும். விழா அன்று காலை பத்தே முக்காலுக்கு அது தானாகவே நானோவுக்குப் போகும்படி மெயிலில் நேரம் குறித்தேன். முத்திரைக்கும் ஒரு நகல். அந்த நேரத்தில் நானோ மேடையில் இருக்க வேண்டும். ஆட்கள் முன்னால் இருக்க வேண்டும். முகத்தை மறைத்துக்கொள்ள ஒரு கதவுகூட அவருக்குக் கிடைக்கக்கூடாது.

மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்தேன். அக்கா முதல் வரிசையிலிருந்து திரும்பி, முன்னால் வா என்று கையால் கூப்பிட்டாள். இங்கேயே இருக்கிறேன் என்று தலையசைத்தேன். மினிஸ்டர் வரவில்லை, அவருடைய செயலாளர் வந்து நீளமாகப் பேசிக்கொண்டிருந்தார். நானோ மேடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பத்து நாற்பத்தைந்துக்கு அவருடைய சட்டைப் பை அதிர்ந்ததை நான் பார்த்தேன். சான்று வந்துவிட்டது என்று நினைத்திருப்பார், எடுத்தவுடன் உதட்டில் ஒரு சிரிப்பு இருந்தது. படிக்கப் படிக்க அந்தச் சிரிப்பு அழியவில்லை, மறந்துபோன பொருள் மாதிரி அங்கேயே கிடந்தது. கண்கள் மட்டும் மாறின. கால் கீழே இறங்கியது. அவர் நிமிர்ந்து வரிசை வரிசையாகத் தேடினார். என்னைக் கண்டுபிடித்தார். நான் பார்வையை விலக்கவில்லை. ஆறு வருடமாக நெஞ்சுக்குள் மடித்து வைத்திருந்த ஏதோ ஒன்று விரிந்தது. விரல் நுனி வரை சூடு ஓடியது. இதைவிட ருசியான எதையும் நான் அதுவரை தின்றதில்லை.

செயலாளர் உட்கார்ந்தார். அடுத்ததாக ஐம்பது வயதுக்காரி ஒருத்தி மைக் முன்னால் வந்தாள். நர்ஸ் உடுப்பில் இருந்தாள். பேசிப் பழக்கமில்லாதவள் என்பது மைக்கைப் பிடித்த விதத்திலேயே தெரிந்தது.

"எனக்கு மேடைப் பேச்செல்லாம் வராது. பச்சைக் குழந்தைங்க வார்டுல இருபத்தஞ்சு வருஷமா வேலை பாக்குறேன். சும்மா ஒத்துப் பாக்கிறதுக்குன்னுதான் சார் இந்த மெஷினைக் கொண்டாந்து கொடுத்தாரு. பத்து நாள் ஆச்சு. முதல் ரெண்டு நாள் பெரிய மெஷின்லயும் இதுலயும் மாத்தி மாத்திப் பாத்தோம், ஒண்ணுபோலவே இருந்துச்சு. அப்புறம் எதுக்கு அந்தப் பிஞ்சுங்களை ரெண்டு தடவ குத்தணும்? இப்பல்லாம் நாங்க பெரிய மெஷினைத் தொடுறதே இல்ல."

மண்டபம் கைதட்டியது. பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தட்டினார். நானும் தட்டினேன் என்றுதான் நினைக்கிறேன். முதல் இரண்டு நாள். புது சிப், பதினோரு சொட்டுக்குள். ஒன்றுபோலத்தான் இருந்திருக்கும்.

எப்போது எழுந்தேன் என்று ஞாபகமில்லை. மேடைப் படியில் அந்த நர்ஸின் கையைப் பிடித்திருந்தேன். "சிஸ்டர், அந்த மெஷின் தப்பாக் காட்டுது. பன்னெண்டாவது சொட்டுலேருந்து நம்பக் கூடாது" என்றேன். அவள் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு நானோவின் பக்கம் திரும்பினாள். அவர் மறுத்திருந்தால் நம்பியிருப்பாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா எழுந்து வந்து என் முழங்கையைப் பிடித்தாள். "என்னடி பண்ணின?" என்று மெதுவாகக் கேட்டாள். அவள் புருஷன் என்ன பண்ணினார் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. பதில் சொல்ல அது நேரமில்லை.

நானோவின் காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸ் முன்னால் உட்கார்ந்து வார்டுக்குப் போன் போட்டுக்கொண்டே வந்தாள். "அந்தச் சின்ன டப்பாவை யாரும் தொடாதீங்க. நோட்டை எடுத்து வை. இன்னைக்கு, நேத்து, ரெண்டு நாளையதும் வேணும்." பின் சீட்டில் எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு ஆள் உட்காரும் இடம் இருந்தது.

"ரிப்போர்ட்ல பரிசோதனை தேதி போட்டிருக்கு" என்றார் அவர். "பன்னெண்டு நாளா கையில வச்சிருந்தியா?"

"நீங்க ஆறு வருஷமா வச்சிருந்தீங்க."

"அதையும் இதையும் ஒண்ணாச் சேர்க்காத. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சான்று வராத மெஷினை வார்டுல வச்சிருக்கேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

நர்ஸ் போனைக் காதிலிருந்து எடுத்தாள். திரும்பிப் பார்க்காமலே பேசினாள். "உங்க வீட்டுச் சண்டையை அப்புறம் வச்சுக்கோங்க. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்கம்மா. குறைச்சுக் காட்டுதா, கூட்டிக் காட்டுதா?"

"குறைச்சு."

அவள் டிரைவரிடம் இடது பக்கம் போகச் சொன்னாள், அது குறுக்கு வழியாம்.

வார்டில் நோட்டைப் புரட்டினோம். தொட்டில் எண், நேரம், அளவு என்று நீல மையில் அழகாகக் கோடு போட்டு எழுதியிருந்தார்கள். சிப்பை மாற்றிய நாளுக்கு எதிரே ஒரு சின்ன நட்சத்திரம். கடைசி நட்சத்திரத்திலிருந்து விரலால் எண்ணிக்கொண்டே வந்தேன். இப்போது கருவிக்குள் இருக்கும் சிப் இருபத்தாறு சொட்டு பார்த்திருந்தது. பன்னிரண்டாவதிலிருந்து வந்த அளவுகள் எட்டுக் குழந்தைகளுடையவை. எட்டிலும் எதிரே நார்மல் என்று எழுதி அடியில் கோடு போட்டிருந்தது. டாக்டர் வந்தார், கேட்டார், திட்ட நேரமில்லாதவராகப் பெரிய மெஷினை ஆன் பண்ணச் சொன்னார். நர்ஸ் கை கழுவினாள். முழங்கை வரை சோப்புப் போட்டுக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

இன்றைக்குத்தான் என்று சொல்லலாம். நானோ பக்கத்தில் நின்றார், அவருக்குத் தெரியும். ஆனால் நான் உண்மையைச் சொன்னது அவர் நிற்கிறார் என்பதற்காக இல்லை.

"பன்னெண்டு நாளா."

தண்ணீரை மூடினாள். ஈரக் கையைத் தூக்கிப் பிடித்தபடி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். இருபத்தைந்து வருடத்தில் எத்தனையோ பேரைப் பார்த்த கண்கள். அவற்றில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "வெளிய நில்லுங்க" என்று மட்டும் சொன்னாள்.

கண்ணாடிக்கு வெளியே நானும் அவரும் நின்றோம். அவருடைய போன் விடாமல் அடித்தது. அக்காவாகத்தான் இருக்கும். அவர் அதை எடுக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. உள்ளே முதல் தொட்டிலில் நர்ஸ் குனிந்தாள். கட்டைவிரல் நீளம்கூட இல்லாத ஒரு பாதத்தைப் பிடித்து, குதிகாலைத் துடைத்து, குத்தினாள். கண்ணாடியைத் தாண்டி மெல்லிய நூல் மாதிரி அழுகை வந்தது. பெரிய மெஷினுக்கு ஒரு சொட்டு போதாது. அழுத்தி அழுத்தி எடுத்தாள். பிறகு இரண்டாவது தொட்டில். இரண்டாவது அழுகை.

"அந்த அடைப்புக்கு வழி இருக்கு, இல்ல?" என்றார் அவர். குரலில் பழைய மிடுக்கு எதுவும் இல்லை. "உனக்குத் தெரியும். ரிப்போர்ட்ல எழுதியிருக்கிற விதத்துலயே தெரியுது."

"தெரியும்."

"சொல்லிரு. உன் பேரையே முதல்ல போடறேன். இவங்களுக்காகவாவது சொல்லு."

மூன்றாவது குழந்தை அழுதது. நாலாவது கொஞ்சம் தாமதித்து, நன்றாக உரத்து அழுதது. ஒரு வாக்கியம்தான். என்ன திரவம், எத்தனை வோல்ட், எத்தனை நிமிடம். நாக்கு நுனியில் இருந்தது. அந்த இடத்தில், அந்த அழுகைகளுக்கு நடுவிலும், சொல்லக்கூடாது என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர் இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும், இன்னும் கொஞ்சம் குனிய வேண்டும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதை நான் தெளிவாகவே பார்த்தேன், பார்த்தும் அது போகவில்லை.

ஐந்தாவது அழுதது. நர்ஸ் ஆறாவது தொட்டிலுக்கு நகர்ந்தாள். பாதத்தைப் பிடித்தாள். துடைத்தாள். குத்தினாள்.

அழுகை வரவில்லை.

நர்ஸ் நிமிராமல், தன் நடுவிரலை மடக்கி அந்தச் சின்னப் பாதத்தைச் சுண்டினாள். இன்னொரு முறை சுண்டினாள். டாக்டர் நோட்டைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பினார். என் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. பக்கத்திலேயே அவர் மூச்சு பட்டு இன்னொரு வட்டம். நான் உள்ளங்கையால் துடைத்தேன். உள்ளே நர்ஸ் மறுபடியும் விரலை மடக்கிக்கொண்டிருந்தாள்.